கத்தரித்த பான்சிட்

மாகாணச் சிறையின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க அறிவிப்பு ஒன்று அன்று காலை ஒலிபெருக்கியில் வந்தது. மாண்புமிகு சூப்பிரண்டு வால்டெமார் அவர்களின் ஐம்பதாவது பிறந்தநாளை முன்னிட்டுக் கைதிகள் எல்லோருக்கும் பான்சிட் நூடுல்ஸ் வழங்கப்படும். எவர் தட்டிலும் ஓர் இழை கூடவோ குறையவோ கூடாது என்பதால் நூடுல்ஸ் விரல் நீளத்துக்குக் கத்தரிக்கப்படும். 'தட்டில் சமநீதி' என்னும் இத்திட்டத்தை உலகச் சிறைகள் விரைவில் பின்பற்றும்.

தலைமைச் சமையல்காரன் செல்சோ அகப்பையைக் கீழே வைத்தான். பிறந்தநாள் பான்சிட்டை யாராவது வெட்டுவார்களா? இழை எவ்வளவு நீளமோ பிறந்தநாள்காரரின் ஆயுளும் அவ்வளவு நீளம் என்பது ஊர் நம்பிக்கை. செல்சோவும் கைதிதான், கிறிஸ்துமஸுக்கு விடுதலை. அதுவரை யார் கண்ணிலும் படாமல் அகப்பையோடு அகப்பையாக இருந்துவிடுவதே அவன் லட்சியம். அவனுக்கு முன்னால் இந்த அகப்பையைப் பிடித்தவன் மீனைக் குறைத்துப் போட்டான். கைதிகள் கொதிக்கிற கஞ்சி அண்டாவுக்குள் அவன் கையைப் பிடித்து அமுக்கினார்கள்.

சூப்பிரண்டிடம் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவர் மூடநம்பிக்கையின் தீமைகளையும் நவீனச் சிறையின் மேன்மைகளையும் மூச்சு விடாமல் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் வெட்டாம ஒரு தட்டு எடுத்து வைப்பா."

திரும்பி வந்து கத்தரிக்க ஆரம்பித்ததும் சமையலறை வாசலில் புட்டோய் வந்து சாய்ந்து நின்றான். மூன்றாம் கூடத்து மேயர் காஸ்யோவின் கையாள். சிறையில் ஒவ்வொரு கூடத்தையும் ஆட்டிவைக்கும் கைதிக்கு மேயர் என்று பெயர்; ஒருவனும் ஓட்டு வாங்கி வந்தவன் இல்லை. காஸ்யோ வாயைத் திறக்காமல் முனகுவது போலத்தான் பேசுவான். அதைக் கேட்டாலே ஆட்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

"என்ன குயா, கத்தரிக்கோலும் கையுமா நிக்கிற? தையக்கடை போடப் போறியா?"

குயா என்றால் அண்ணன். அந்த வாயில் அது மரியாதையாகப் படவில்லை. சூப்பிரண்டு உத்தரவு என்றான் செல்சோ.

"இன்னிக்கு எங்க மேயருக்கும் பொறந்தநாள். தெரியும்ல?"

தெரியாது. செல்சோவின் கை நின்றுவிட்டது.

"சாப்பிட்டு முடிச்சதும் கூப்பிடுவாரு. எங்கயும் போயிடாத" என்று சொல்லிவிட்டுப் போனான் புட்டோய். சிறையில் எங்கே போவது என்று செல்சோ கேட்கவில்லை.

மேயருக்கும் வெட்டாமல் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன் என்று சமையலறைக் காவலரிடம் கெஞ்சிப் பார்த்தான். சமநீதி என்றால் சமநீதிதான் என்று சொல்லிவிட்டு, சூப்பிரண்டின் நீள நூடுல்ஸை மூடி போட்டு அவர் எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் கூடங்களில் சத்தமே இல்லை. மற்ற நாளில் உப்பில்லை, புளித்துப்போச்சு, உன் ஆத்தாளுக்கு இதைப் போடுவியா என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். திட்டுகிற கைதியால் ஆபத்தில்லை என்பது செல்சோவின் அனுபவம். இன்று ஒருவனும் திட்டவில்லை. கத்தரித்த இழைகளைப் பார்த்தார்கள், மேயரின் திரையைப் பார்த்தார்கள், குனிந்து சாப்பிட்டார்கள்.

காஸ்யோ திரைக்குப் பின்னால்தான் சாப்பிடுவான். அவன் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. விஷத்துக்குப் பயம் என்பான் ஒருவன். தன்னால் செத்தவர்களுக்கு முதல் கவளம் படைக்கிறான் என்பான் இன்னொருவன்.

புட்டோய் வந்து கூப்பிட்டான். திரைக்குள் தள்ளிவிட்டு வெளியே நின்றுகொண்டான். காஸ்யோவின் தட்டு துடைத்து வைத்தது போலிருந்தது.

"வெட்டினது யாரு?"

சூப்பிரண்டின் பெயர் செல்சோவின் தொண்டை வரைக்கும் வந்தது. காட்டிக்கொடுத்தவனுக்கு இங்கே என்ன நடக்கும் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"நான்தான், மேயர்."

"கிட்ட வா."

செல்சோ கிறிஸ்துமஸை நினைத்துக்கொண்டே கிட்டப் போனான்.

"நாளைலேருந்து கறி, மீனு, எல்லாத்தையும் எனக்கு இதே மாதிரி பொடிசா வெட்டிப் போடு. இங்க பாக்குறத வெளிய சொன்னேன்னு வையி..." மிச்சத்தைக் காஸ்யோ சொல்லவில்லை. வாயை நன்றாகத் திறந்து சிரித்தான்.

மேயருக்கு இனிமேல் கத்தரித்த சாப்பாடுதான் என்று புட்டோய் காவலரிடம் சொல்ல, அது சூப்பிரண்டின் காதுக்குப் போனது. சாயங்காலம் மறுபடியும் ஒலிபெருக்கி. கொடியவரிலும் கொடியவரான மூன்றாம் கூடத்து மேயரே மனம் திருந்திச் சமநீதியைத் தழுவிவிட்டார். கல்நெஞ்சையும் கரைக்கும் இச்சீர்திருத்தம் தலைநகருக்குத் தெரிவிக்கப்படும். புட்டோய் கை தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். செல்சோ எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

காஸ்யோவின் வாயில் ஒரு பல்கூட இல்லை.