புளி போட்டு விளக்கிய கோதுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி பவளம் சொல்வாள். 1976ஆம் ஆண்டு ஜூலையில், இங்கே அது குளிர்காலம், ஒரு சனிக்கிழமை, அந்தக் கோபத்தால் ஒரு மனுசன் முகம் சிதறிச் செத்திருப்பான்.

அன்று காலை துப்பாக்கிச் சூட்டுத் திடலுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். த பேசின் என்ற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் றைபிள் கிளப்புக்கு ஒரு திடல் இருந்தது. நோபிள் பார்க்கில் இருந்த என் வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடம். பத்துத் தோட்டா சுட்டேன். ஏழாவது வெடிக்கவில்லை. சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி ‘பொத்’ என்றது. தோளில் உதையும் இல்லை. அரை நிமிடம் றைபிளை இலக்கைப் பார்த்தபடியே பிடித்திருந்துவிட்டுத் திறந்தேன். வெளியே வந்த பித்தளைக் கோது, அதாவது தோட்டாவின் வெற்று உறை, முழுக்கக் கரி பிடித்திருந்தது. குழலுக்குள்ளே பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. சன்னம், இலக்குக்குப் பறக்கவேண்டிய ஈயக் குண்டு, நடுவழியில் சிக்கி நின்றது.

சுடத் தெரியாதவர்களுக்கு இதன் ஆபத்து விளங்காது. வெடிமருந்து சரியாக எரியாவிட்டால் சன்னம் குழலை விட்டு வெளியே போகாது. அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். சுடுகிறவன் கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் படுத்திருப்பான்.

கம்பியால் சன்னத்தைத் தள்ளி எடுத்தேன். எனக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகம். அது நான் அடைத்த தோட்டா. எங்கள் கிளப்பில் சுட்ட கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, புதிதாக மருந்தும் சன்னமும் அடைத்துத்தான் எல்லாரும் சுடுவார்கள். நான் தொழிற்சாலையொன்றில் உதிரிப்பாகங்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலையில் இருந்தவன். ஒரு மயிரிழை கூடினாலும் தூக்கி எறிந்துவிடுவேன். நாலு வருடத்தில் என் தோட்டா ஒன்றுகூடப் பிழைத்ததில்லை, வெடிக்காமல் போனதில்லை என்று கிளப் முழுக்கச் சொல்லித் திரிந்தவன்.

சுடுவதில் நான் சுமார். சுடுகிறவர் வரதராஜன். மதராஸ்காரர், எஞ்சினியர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். கிளப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர். அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு இறுதிப் போட்டி. சுடப்போவது அவர், அவர் கையில் இருந்தது நான் அடைத்துக் கொடுத்த நாற்பது தோட்டா.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு தோட்டா பிழைத்துவிட்டது என்று பவளத்திடம் சொன்னேன்.

“எந்தக் கோது? நான் விளக்கினதோ?” என்றாள்.

“நீர் விளக்கினதோ?”

“ஓம். ரெண்டு கிழமைக்கு முன்னம் குத்துவிளக்கு விளக்கேக்கை, ஷெட்டிலை இருந்த ஒரு பேணிக் கோதையும் எடுத்துப் புளி போட்டு விளக்கினனான். கறுத்துக் கிடந்துது. உங்களுக்கு வேலை மிச்சமெண்டு நினைச்சன்.”

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன். ஷெட்டில் இரண்டு தகரப் பேணி நிறையக் கோதுகள் இருந்தன. போன சனிக்கிழமை முதற்பேணியைத் திறந்தபோது கோதுகள் பளபளவென்று இருந்ததைக் கண்டேன். யாரோ ஒரே தரம் சுட்டுப் போட்ட புதுக் கோதுகள் என்று நினைத்து அப்படியே அடைத்துவிட்டேன். இரண்டாவது பேணி மங்கலானது. அதை ஞாயிற்றுக்கிழமை நானே கழுவி நானே அடைத்தேன். வரதராஜன் வந்தபோது பளபளத்ததைத்தான் கேட்டு வாங்கிப்போனார். மிச்சத்தை நான் இரண்டு பேணியிலிருந்தும் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுக்கொண்டு காலையில் சுட்டேன்.

பிழைத்தது எந்தப் பேணித் தோட்டா? கரி பிடித்த கோதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அதைப் பற்றி யோசிக்கத் தேவையிருக்கவில்லை. புளி, தண்ணீர், ஈரம். குற்றவாளி முன்னால் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“உம்மை ஆர் அதிலை கை வைக்கச் சொன்னது? இதென்ன உம்மடை செம்பு, தட்டமோ? அந்த மனுசன்ரை கண் போகப்போகுது. ஆளே போகப்போகுது.”

“இஞ்சருங்கோ, நான் சொல்றதை ஒருக்காக் கேளுங்கோ. நான் அதைக் கழுவிப்போட்டு...”

“ஒண்டும் சொல்லத் தேவையில்லை.”

ரெலிபோனை எடுத்தேன். வரதராஜனின் மனைவி வைதேகிதான் பேசினாள். “அவர் அப்பவே கிளம்பிட்டாரே அண்ணா. ஏதாவது சொல்லணுமா?” இல்லை என்று வைத்தேன். கிளப்புக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போட்டி நாளில் எல்லாரும் வெளியேதான் நிற்பார்கள்.

இரண்டாவது பேணியிலிருந்து நாற்பது தோட்டாவை ஒரு பெட்டியில் எண்ணிப் போட்டேன். முழுக்க என் கை மட்டும் பட்டவை. பவளம் கார்க்கதவு வரை வந்து யன்னல் கண்ணாடியில் தட்டினாள். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

மறுபடியும் அந்த நாற்பது நிமிடப் பாதை. வழியெல்லாம் தூறல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வரதராஜனின் முகம் தெரிந்தது. விசையை இழுத்துச் சத்தம் சரியில்லாவிட்டால் நின்று யோசிக்கிற ஆள் இல்லை அவர். கை அவ்வளவு வேகம், அடுத்ததைத் தள்ளிவிடுவார். அவரோடு சேர்ந்து இன்னும் ஐந்து பேர் சுடுவார்கள், காதில் மூடி வேறு. ஒரு ‘பொத்’ அங்கே கேட்கவே கேட்காது.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம். வரதராஜன் ஈரப் புல்லில் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், திடீர்னு?”

“அந்தத் தோட்டாவைத் தாங்கோ. மனுசி புளி போட்டு விளக்கிப்போட்டா. உள்ளுக்கு ஈரம். காலமை ஒண்டு எனக்குக் குழலுக்கை நிண்டிட்டுது.”

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார். “அக்கா என்னை ரசம் வெச்சுடப் பாத்தாங்களா?”

“இதைப் பிடியுங்கோ. இது முழுக்க என்ரை கையாலை செய்தது. நம்பிச் சுடலாம்.”

“உங்க கைன்னா எனக்கென்ன சார் யோசனை” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு, பளபளத்த தோட்டாக்களைத் திருப்பித் தந்தார்.

எனக்கு ஒரு பாரம் இறங்கியது. உள்ளூர ஒரு பெருமையும்கூட. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் கிளப் கட்டடத்துக்குள் போனேன். செயலாளர் கொலின் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் என் மனைவியின் புளிக்கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஈரத்தை உமக்கே காட்டுகிறேன் பாரும் என்று மேசைக்கு இழுத்துப்போனேன்.

அங்கே சன்னம் கழற்றுவதற்கென்று ஒரு சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி மரக்கட்டையில் தட்டினால் சன்னமும் மருந்தும் கழன்று விழும். பளபளத்த ஒன்றை மாட்டித் தட்டினேன். கடதாசியில் கொட்டினேன். மருந்து உலர்ந்த கடுகு மாதிரி உருண்டு ஓடியது.

இன்னொன்று. அதுவும் அப்படித்தான். மூன்றாவது, நாலாவது. கோதுக்குள் விரல் நுனியை விட்டுப் பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

“உன் மனைவி நன்றாகத்தான் செய்திருக்கிறாள்” என்றார் கொலின். வெளியே சுடத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை கூத்துக்குப் பிறகு ஈரத்தைக் காணவில்லையே என்ற கோபம். அப்போதுதான் ஒரு கேள்வி எழும்பியது. இது இல்லையென்றால் காலையில் பிழைத்தது எது? கோட்டுப் பைக்குள் கை விட்டேன். காலையில் சுட்டு மிஞ்சிய மங்கல் தோட்டா இரண்டு கிடந்தன. முதலாவதைத் தட்டினேன். சன்னம் விழுந்தது, மருந்து விழவில்லை. திரும்பவும் தட்டினேன். கட்டிபட்டுப் போன ஈரச் சீனி மாதிரி ஒரு துண்டு கடதாசியில் விழுந்து அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. வெந்நீரும் சோப்பும். துவாயால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஹீற்றருக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் பரப்பி வைத்தேன். வெளியே தொட்டால் காய்ந்திருந்தது. கோதுக்கு வாய் குறுகல், உள்ளே தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? அடுத்த நாள் விடிய வேலை, இன்றே முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். அவ்வளவுதான்.

ஓடினேன். சூட்டுக்கோடு நூறு அடிக்கு அப்பால். நிறுத்துங்கள் என்று கத்தினேன், ஒருவரும் திரும்பவில்லை. ஆறு றைபிளும் மாறி மாறி இடித்துக்கொண்டிருந்தன. வரதராஜனுக்குப் பின்னால் தொலைநோக்கியில் குனிந்திருந்தவர் கையை விரித்துக் காட்டினார். இலக்கில் ஒன்றும் விழவில்லை என்று அர்த்தம். வரதராஜன் தலையை ஆட்டிக்கொண்டார். வரதராஜன் குறி தவறி இலக்குக்கு வெளியே சுடுவதா? அவர் தூக்கத்திலும் அப்படிச் சுடமாட்டார். கரி பிடித்த ஒரு கோது அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் கை அடுத்த தோட்டாவைத் தள்ளிப் பூட்டியது.

கயிற்றுக்குக் கீழே குனிந்து போனேன். திடல் அதிகாரி என் கோட்டைப் பிடித்தார், பின்பக்கத் தையல் கிழிந்தது. வரதராஜனின் கன்னம் றைபிளின் மரக்கட்டையில் அழுந்தியிருந்தது. விரல் விசைக்கு வந்துவிட்டது. தோளைத் தொட்டால் அந்த அதிர்ச்சியிலேயே இழுத்துவிடுவார். முழங்காலில் விழுந்து, றைபிளின் மேலிருந்த குறிக்கண்ணாடியின் முன்வாயை உள்ளங்கையால் பொத்தினேன். என் கைக்கு ஒரு அங்குலம் கீழே குழல். ஒரு கணம், வெடிக்கப்போகிறது, கையும் போய் அவரும் போகப்போகிறார் என்றே நினைத்தேன்.

கண்ணுக்குள் திடீரென்று இருட்டாகவே அவர் விரலை எடுத்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். காதுமூடியைக் கழற்றினார்.

“சுடாதேங்கோ” என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

அதிகாரி எல்லோரையும் நிறுத்தினார். தோட்டாவை எடுத்து, குழலின் முன்வாயால் கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி பாதியில் முட்டி நின்றது. அதை அவர் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு வரதராஜனின் தோளில் கை வைத்தார். வரதராஜன் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கொலின் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“புளி போட்டது ஒண்ணு கலந்துடுச்சா சார்?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆறு பேர் சுற்றி நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. பவளம் குசினியில் மேசையருகே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சோறு மேசையில் அப்படியே கிடந்தது. அவளும் சாப்பிட்டிருக்கவில்லை.

“அவருக்கு ஒண்டுமில்லையே?” என்றாள்.

“ஒண்டுமில்லை.”

சோற்றுத் தட்டை ஒருபக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, “நான் அதுகளைக் கழுவிப்போட்டு இடியப்பத் தட்டிலை கவிட்டு, ஹீற்றருக்குப் பக்கத்திலை மூண்டு நாள் வைச்சனான். உள்ளுக்குத் தண்ணி நிண்டால் கூடாதெண்டு நீங்கள்தானே முந்தி ஒருக்காச் சொன்னனீங்கள். அதைத்தான் சொல்ல வந்தனான்” என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தபோது ரெலிபோன் அடித்தது. பவளம் எடுத்தாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். “ஓம்... ஓம்... பறவாயில்லை வைதேகி” என்றாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. றிசீவரை என்னிடம் நீட்டினாள்.

“அண்ணா, அவர் எல்லாம் சொன்னார்” என்றாள் வைதேகி, அழுதுகொண்டு. “நீங்க மட்டும் ஓடிப்போய்க் கைய வைக்கலைன்னா நான் இன்னிக்கு எப்படி இருந்திருப்பேனோ. பவளம் அக்காவை ஒண்ணும் திட்டாதீங்க அண்ணா. தெரியாமத்தானே செஞ்சாங்க. மனசுல வெச்சுக்காதீங்கன்னு அவங்ககிட்டயும் சொன்னேன்.”

பவளம் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் முன்னாலேயே நின்றாள்.

“வைதேகி, பிழைச்சது பவளம் விளக்கினது இல்லை” என்றேன். “என்ரை. நான் கழுவி, சரியாக் காயாமல் அடைச்சது.”

“புரியலை அண்ணா. அவர் எடுத்துட்டுப் போனது...”

“அவர் கொண்டுபோனது நல்ல தோட்டா. அதைப் பறிச்சு வைச்சிட்டு ஈரத்தோட்டாவைக் கையிலை குடுத்தது நான்தான்.”

மறுபக்கத்தில் அழுகை நின்றது. வரதராஜன் என்னவென்று கேட்பது தூரத்தில் கேட்டது. 

“அப்போ,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக, “நீங்க இன்னிக்கு அங்க போகாமலே இருந்திருந்தா?”

பவளம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்டும் நடந்திருக்காது” என்றேன்.