அப்பாவின் பர்ஸ்

குடிவரவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் எண் திரையில் வந்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நம்ம நம்பர்மா" என்று இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அசைந்தாள். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் கொடுத்த அட்டை அம்மாவிடம் இல்லை. அது இல்லாமல் விமானம் ஏறிப் போய்விடலாம், திரும்பி வரத்தான் முடியாது. ஆனால் போயே ஆக வேண்டும். அப்பாவின் சாம்பல் என் வீட்டு அலமாரியில், என் மகளின் பழைய பாடப் புத்தகங்களுக்கு மேல்தட்டில் இருக்கிறது. ஊரில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியப்பா, போன் செய்யும்போதெல்லாம், "தம்பிய எப்பம்மா கூட்டிட்டு வரீங்க?" என்று கேட்கிறார். ஏதோ அப்பா நடந்து வரப்போகிறவர் மாதிரி.

அப்பாவுக்கு நண்பர்கள் வைத்த பெயர் பூட்டு. கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பார். படியிறங்கிப் போனவர் மறுபடி ஏறி வந்து ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். எந்த வாசலைத் தாண்டினாலும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வார். பர்ஸ் அங்கேதான் இருக்கும். அவருடைய அட்டை, அம்மாவின் அட்டை, வங்கி அட்டைகள், எப்போதோ மூடிப்போன கடையின் ரசீது வரை எல்லாம் அதற்குள். "உன் அம்மா கையில குடுக்கறதும் கெணத்துல போடறதும் ஒண்ணு" என்பார். இத்தனைக்கும் அம்மாவுக்குச் சலவைத் தொழிற்சாலையில் வேலையே, வெளுக்க வரும் சீருடைகளின் பைகளைத் துழாவுவதுதான். ஒரு பேனா தப்பினால் ஒரு வண்டித் துணி பாழ். மோதிரம், பொய்ப்பல், யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமலே விட்ட சீட்டு என்று எல்லாம் எடுத்திருக்கிறாள். ஒரு பேனாகூட அவளை ஏமாற்றி மெஷினுக்குள் போனதில்லை. அவள் வாழ்க்கையில் தொலைத்தது ஒரே ஒரு குடை. அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினார் மனுஷன்.

அந்தப் பர்ஸ் அப்பா போன பிறகு கிடைக்கவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையில் செருப்பும் கண்ணாடியும் மட்டும் இருந்தன. டிக்கெட் எடுக்க அட்டையைத் தேடியபோது நான் விடவில்லை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். வார்டில் துடைத்துப் பெருக்கும் பெண்வரை ஒருவரையும் பாக்கி வைக்காமல் கேட்டேன், கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதே சரி. அம்மா என் முழங்கையைப் பிடித்து, "விடு பாப்பா, வா" என்றாள். துக்கத்தில் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே விண்ணப்பத்தைப் புரட்டினாள். எப்படித் தொலைந்தது என்று விண்ணப்பித்தவரே சொல்ல வேண்டும், நான் மொழிபெயர்த்தால் போதும் என்றாள்.

"கடைசியா எங்க பாத்தீங்கன்னு கேக்கறாங்கம்மா. ஆஸ்பத்திரின்னு சொல்லிடறேன்."

"ஆஸ்பத்திரியில இல்ல" என்றாள் அம்மா.

"பின்ன?"

"அப்பா சட்டைப் பையில."

"அதான்மா, ஆஸ்பத்திரியில போட்டிருந்த சட்டை."

"அது இல்ல. அதுலேர்ந்து நான் அன்னிக்கே எடுத்து வச்சுக்கிட்டேன். நாம கடைசியா போட்டுவிட்டமே, நீலக் கோடு போட்டது. அதுல."

எனக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. தகன நிலையத்துக்காரர் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றார். அம்மா அப்பாவின் மேல்பட்டனைப் போட்டுவிட்டு, நெஞ்சுப் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினாள். சட்டைச் சுருக்கத்தை நீவிவிடுகிறாள் என்று நினைத்தேன். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்புகூட வந்தது, இனிமேல் எதற்கு இஸ்திரி என்று.

"பர்ஸ் இல்லாம அவரு எந்த வாசலத் தாண்டியிருக்காரு?" என்றாள் அம்மா. "வெறும் பையத் தட்டிப் பாத்துட்டு நின்னுடுவாரு. அது ஒண்ணுதான் அப்ப மனசுல இருந்துச்சு. உள்ள என் கார்டு இருக்குதுன்னு நீ டிக்கெட் பேச்சு எடுத்தப்பதான் உறைச்சுது. ஊரார் பையெல்லாம் துழாவறேன், அதத் தொறந்து பாக்கத் தோணல."

"ஏம்மா சொல்லல? ஆஸ்பத்திரியில அந்தப் பொம்பளைய நான் என்ன பேச்சுப் பேசினேன்."

"சொன்னா எல்லாரும் அவரத்தான் சொல்லுவீங்க. அவ கார்ட இந்த மனுஷன் ஏன் வச்சிருந்தாருன்னு. போய்ச் சேந்தவருக்கு எதுக்கு அந்தப் பேச்சு."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் காத்திருந்தாள். எனக்கு இந்த நாட்டு மொழி நன்றாகவே வரும். வேலையிடத்தில் வாதாடுவது, என் மகளைத் திட்டுவது எல்லாம் அதில்தான். அன்று மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். அம்மாவின் அட்டை அப்பாவின் பையில் இருந்தது. அப்பாவை எரித்தோம். அட்டையும் எரிந்தது. அப்பாவின் சாவை அந்த மொழியில் நான் அதுவரை யாரிடமும் முழு வாக்கியமாகச் சொன்னதில்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வருந்துகிறேன் என்றாள். அது வெறும் வாய்ச்சொல் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு, என்ன செய்வாள் பாவம், திரையில் அடுத்து வந்த கேள்வியைக் கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"எரிஞ்சு போயிருந்தா, அதுல மிச்சம் மீதி இருக்கறத ஒப்படைக்கணுமாம்."

அம்மா கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "குடுக்க மாட்டேன்னு சொல்லு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அப்பாவக் கேக்கலம்மா. கார்டத்தான் கேக்கறாங்க."

"ரெண்டையும் எப்படிப் பிரிப்பாங்க?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மிச்சம் எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். எரிந்ததற்கு அத்தாட்சியும் இல்லை, ஒப்படைக்கத் துண்டும் இல்லை என்றால் விதிப்படி அது தொலைந்த அட்டைதானாம். தொலைத்துவிட்டேன் என்ற உறுதிமொழியில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அவசரம் என்று குறித்து அனுப்புகிறேன் என்றாள். எப்போது வரும் என்று கேட்டேன். அவளால் சொல்ல முடியவில்லை.

"நான் தொலைக்கல" என்றாள் அம்மா.

"தெரியும்மா."

"எதையும் தொலைக்கல நான்."

"பெரியப்பா காத்துக்கிட்டிருக்காரும்மா."

அம்மா பேனாவை வாங்கினாள். பழக்கதோஷத்தில் அதன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். தன் பெயரை எழுத்து எழுத்தாக, தாள் குழியும்படி அழுத்தி எழுதினாள். "அவரு வாய் முகூர்த்தம்" என்றாள் எழுதிக்கொண்டே. "ஒரு குடையோட நின்னிருக்கக் கூடாதா."

கொடுத்த ரசீதை நாலாக மடித்தாள். கைப்பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு என் கையில் திணித்தாள்.

"நீயே வச்சுக்க பாப்பா. என்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும்."

வாங்கிக்கொண்டேன். வெளிவாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு. நான் முன்னால் போய், அம்மா வருகிறாளா என்று திரும்பினேன். அவள் உள்ளேயே நின்றுவிட்டாள். பையே இல்லாத ஸ்வெட்டரில், இடது நெஞ்சின் மேல் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கதவு அவளுக்காகத் திறந்தது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடியது, மறுபடியும் திறந்தது.