விடிவதற்குள் அழிக்கலாம்

1
இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. அக்கா என்னிடம் எடுத்த பேட்டியிலிருந்து வந்தது. இனவெறியையும் யூதர்கள் மீதான வெறுப்பையும் நாங்கள் குடியேறியிருக்கும் இந்த ஐரோப்பிய ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதில் ஒரு விதி: பேசியவர் வேண்டாமென்றால் பதிவை அழித்துவிட வேண்டும். எனக்குக் காலைவரை அவகாசம்.

முதல் வரி: ‘வரலாறு என்பது...’ [வேண்டாம். பரீட்சை வாடை.]
இன்னொன்று: ‘நான் பயந்தாங்கொள்ளி.’ [உண்மை. இருக்கட்டும்.]

2
பள்ளி வாசலில் ஒரு கல். அங்கே படித்து, யூதர்கள் என்பதற்காகவே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அதில். நேற்று அதன்மேல் ஒருவன் கறுப்பு மையால் யூதர்களைப் பற்றி ஒரு வசையைக் கிறுக்கினான். கீழே என் நிறத்தைப் பற்றி இன்னொன்று. [இரண்டையும் இங்கே எழுதமாட்டேன். இன்னொரு சுவர் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.]

அவனைப் பார்த்தேன். எங்கள் வகுப்புக் கோல்கீப்பர். பேட்டியில் உளறிவிட்டேன்.

“உன் பேரு வெளிய வராதுடி. ஒரு புனைபேரு வெச்சுக்கோ.”

“நான் மட்டுந்தான்க்கா அங்க இருந்தேன். அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

“அப்ப அழிச்சிடலாம். என் ஆராய்ச்சி உன்னைவிடப் பெருசா?”

[கெஞ்சியிருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன்.]

3
இங்கே சோடாபுட்டி வருகிறாள். என் தோழி, யூதப் பெண். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தங்கை பெயர் அந்தக் கல்லில் இருக்கிறது. இன்று மதியம் இருவரும் பழைய பல் துலக்கிகளோடும் சோப்பு நீரோடும் கல்லின் முன் உட்கார்ந்தோம். அவள் என்னைப் பற்றிய வரியில் ஆரம்பித்தாள்.

“ஏய், முதல்ல உங்க வீட்டுப் பேரு மேல இருக்கறதைத் தேய்டி.”

“அவங்க இவ்ளோ வருஷம் காத்திருந்தாச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்துப்பாங்க. நீதான் நாளைக்கு இந்தப் பக்கமா நடந்து வரணும்.”

பதிவைப் பற்றிச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“உங்கக்கா என்னையும் கேப்பாங்களா? ரெண்டு பேரா சொல்வோம். ஒத்தப் பந்தையே அவனால ஒழுங்காப் பாக்க முடியல, நம்ம ரெண்டு பேரை எப்படி முறைப்பான்?”

சிரித்ததில் நுரை வாய்க்குள் போய்விட்டது.

4
முடிவு ஒன்று: அழிக்கச் சொல்கிறேன். கல் சுத்தமாக இருக்கிறது. எதுவுமே நடக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். [நம்பும்படி இருப்பதுதான் பயம்.]

முடிவு இரண்டு: அவன் அழுது மன்னிப்பு... [போதும், சினிமா.]

மூன்றாவதற்கு என்னிடம் பாதிதான் இருக்கிறது. அக்கா அறையில் விளக்கு எரிகிறது. சோடாபுட்டி எனக்கு ஒரு புனைபெயர்கூட யோசித்துக் கொடுத்திருக்கிறாள், கேவலமான பெயர்.

உள்ளே போய் என்ன சொல்வேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கதவை நான் தட்டிவிட்டேன்.