இரண்டு வாட்ச், ஒரு கை

லேபில் ரத்தம் எடுக்கிறவளுக்கு ஆண்களின் மணிக்கட்டு அத்துப்படி. சட்டைக் கையை மடித்துவிட்டு அவர்கள் கையை நீட்டும்போதே, யாருக்குத் தடித்த சங்கிலிப் பட்டை எடுப்பாக இருக்கும், யாருக்கு மெல்லிய தோல் பட்டைதான் பொருந்தும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவாள். ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் சரியாகச் சொல்வாள். வீட்டில் இருக்கும் ஒருத்தருக்கு மட்டும் அவள் வாங்கிக் கொடுத்தது எதுவும் எடுபடவில்லை.

கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிறந்தநாள், கல்யாண நாள் என்று அவளும் எவ்வளவோ வாங்கிக் கொடுத்துவிட்டாள். கூலிங் கிளாஸ், கஃப்லிங்க், முதலைத் தோல் மாதிரி வரி வரியாக ஒரு பர்ஸ். "அடடா, பிரமாதம்!" என்பார். அப்புறம் அது பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அவருடைய அக்கா வாங்கிக் கொடுத்த பெல்ட் இடுப்பைவிட்டு இறங்காது. அக்கா கொடுத்த மப்ளர் இல்லாமல் குளிர்காலத்தில் வாசல்படி தாண்டமாட்டார். அக்கா கொடுத்த டையைப் பார்த்துவிட்டு சக வாத்தியார் ஒருவர், "உங்க செலக்‌ஷனா? சூப்பர் மேடம்!" என்று அவளிடமே சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

நாத்தனார் பேங்கில் வேலை பார்க்கிறவர். நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் எரிச்சல். சண்டைக்காரியாக இருந்தால் சண்டையாவது போட்டுத் தீர்த்திருக்கலாம்.

இந்த வருஷம் அவர் தலைமை ஆசிரியராகிவிட்டார். பள்ளியில் பெரிய விழா, மேடை, பேச்சு எல்லாம் உண்டு. அந்த நேரம் பார்த்து அவருடைய பழைய வாட்ச் நின்றுபோனது. இந்தத் தடவை விடக் கூடாது என்று அவள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண் வெல்வெட் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"சாருக்குக் கை எப்படி இருக்கும் மேடம்? சதைப்பிடிப்பா, ஒல்லியா?"

தினமும் பிடிக்கிற கைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனசில் அந்தக் கை வரவில்லை, நாத்தனாரின் முகம்தான் வந்தது. அவர் எப்போதும் அடக்கமாக, கண்ணை உறுத்தாமல்தானே எடுப்பார்? அப்படியென்றால் நமக்கு அதைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும். மயில்கழுத்து நீலத்தில் அகல டயல், தங்கநிற முள், கனத்த பட்டை. "இதையே பேக் பண்ணுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்தார். தம்பி கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். இவளுக்குப் பகீரென்றது. ஓடிப்போய்த் தன் பெட்டியையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். அவர் இரண்டையும் திறந்தார். இரண்டிலும் வாட்ச்.

அக்கா கொடுத்தது வெள்ளை டயல், பழுப்புத் தோல் பட்டை. அது அவர் கைக்குப் போன வேகம் இருக்கிறதே! பட்டையை மாட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயெல்லாம் பல். பிறகுதான் மனைவி நிற்பது ஞாபகம் வந்தது.

"இதுவும் பிரமாதம். விழாவுக்கு அது இருக்கட்டும், இத... தினமும் போட்டுக்கறேன்."

அவள் எல்லோரும் சாப்பிட்ட தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கழுவுகிற சத்தமே காட்டிக்கொடுத்துவிட்டது போல, நாத்தனார் பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா, தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "உங்களுக்கு மட்டும் எப்படி அவர் மனசு தெரியுது? நானும் பதினெட்டு வருஷமா கூட இருக்கேன். எனக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

நாத்தனார் விழித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடிப் பைத்தியமே! நான் எங்க எடுத்தேன்? எல்லாம் அவனே கடையில போய்ப் பாத்து வெச்சுட்டு வருவான். அப்புறம் எனக்கு போன் பண்ணி இன்னது வேணும்பான். நான் போய்ப் பணம் கட்டி எடுத்துட்டு வருவேன், அவ்வளவுதான் என் வேலை."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணமான புதுசுல ஒரு டை வாங்கிக் குடுத்தியாமே. கொஞ்சம் பளிச்சுன்னு இருக்குன்னு வாய்தவறிச் சொல்லிட்டானாம். அதுக்கு நீ முகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு வாரக்கணக்கா பேசலியாம். அதுலேர்ந்து உன்கிட்ட எல்லாமே பிரமாதம்தான்."

அவள் குழாயை மூடினாள். நாத்தனார் ஒரு தட்டை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார். சிரிப்பு போயிருந்தது.

"உன்னப் பாத்தா எனக்குத்தான் வயித்தெரிச்சல், தெரியுமா? என் தம்பிக்கு என் இஷ்டத்துக்கு ஒண்ணே ஒண்ணு எடுக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஒரு தடவை எடுத்தேன். மூஞ்சிக்கு நேரா, 'நல்லா இல்லக்கா, மாத்திட்டு வா'ன்னுட்டான். நீ என்ன எடுத்தாலும் வாயத் தொறக்கறானா?"

இதைக் கேட்டதும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வேண்டியதை அக்காவிடம் கேட்கிறார், பிடிக்காததையும் அக்காவிடம்தான் சொல்கிறார், நமக்கு வெறும் பிரமாதமா என்று புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. நாத்தனார் போனதும் நேராகப் போய்க் கேட்டாள்.

"நான் என்ன பேயா பிசாசா? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்றதுக்கு என்ன?"

அவர் திருதிருவென்று விழித்தார். "சொன்னா நீ வருத்தப்படுவ."

"சொல்லாததுக்குத்தான் இப்ப வருத்தம். நீல வாட்ச் புடிச்சிருக்கா இல்லையா?"

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "இல்ல" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவன்று அவர் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். அவளும் நாத்தனாரும் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று மயில்கழுத்து நீலம்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

அப்புறம்தான் வாட்சைச் சரியாகப் பார்த்தாள். அந்த ஒல்லிக் கையில் அது சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டியதுபோல் தொங்கியது. அவர் கையை ஆட்டிப் பேசும்போதெல்லாம் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தார். "ஏம்மா, அவன் கைக்கு அது நல்லாவே இல்ல."

"தெரியுது அண்ணி."

"என் பையில அந்த இன்னொண்ணு இருக்கு. காலையில போற வழியில குடுத்துட்டுப் போனான், சரிப்படலேன்னா மாத்திக்கலாம்னு. டீ குடிக்க இறங்கும்போது குடுத்துடவா?"

அவள் மேடையைப் பார்த்தாள். அவர் மறுபடி பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வேண்டாம்" என்றாள் அவள். "நாளைக்குக் குடுங்க."