அகல்யாவுக்கு ஊர் காட்டிய ஞாயிறு

சோலையம்மாள் வாய்தவறி மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். "இந்த ஞாயித்துக்கெழம உங்கப்பா ஊரச் சுத்திக் காட்டட்டும். அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா உன்னைய அத்தை வீட்டுக்கே அனுப்பி வச்சிர்றேன், போதுமா?" என்றாள். பிள்ளையின் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன பேச்சு அது. பத்து வயதுப் பிள்ளைகள் வக்கீல்களைவிட மோசம் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. அகல்யா அழுகையை அங்கேயே நிறுத்தி, பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சத்தியமா?" என்று கேட்டாள். சோலையம்மாளும் தலையை ஆட்டித் தொலைத்தாள்.

அவள் புருசன் செம்மலைக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்து, சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊரை விட்டு அவர்கள் காரைக்குடிக்குக் குடிவந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள். சின்னவன் விக்கிக்கு ஆறு வயது. சோறும் ஒரு பழைய சைக்கிள் டயரும் இருந்தால் அவனுக்கு எல்லா ஊரும் ஒரே ஊர்தான். பெரியவள் அகல்யா அப்படியில்லை. வந்த நாளிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் ஒரே குறைதான் சொல்வாள்.

"நம்மூர்ல கடைக்குப் போனா, 'எங்க அகல்யா போற?'ன்னு பத்துப் பேரு கேப்பாக. இங்க எம்புட்டுத் தூரம் நடந்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாக."

சோலையம்மாளுக்கே அந்தக் குறை இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் குடங்கள்தான் ஒன்றோடொன்று பேசின. ஆனால் மகளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, காலையில் ஒரு சடை பின்னாமல் அவள் எப்படி இருப்பாள்? செம்மலையின் அக்காவோ, "பிள்ளைய இங்குட்டு விட்டுட்டுப் போங்க, நான் வளக்குறேன்" என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறும் வந்துவிட்டது. நாளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்றைக்கு அகல்யாவுக்கு ஊர் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாயங்காலமே சிங்கம்புணரி பஸ்.

செம்மலைக்குக் காரைக்குடிதான் பட்டணம். மெட்ராசைப் பார்த்தவர்கள் சிரிக்கலாம். அவன் பார்த்ததில்லை, அதனால் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் சம்பளம் இன்னும் கைக்கு வராத நிலையில், காசு செலவில்லாமல் என்னென்ன பார்க்கலாம் என்று ஆபீசில் நாலு பேரிடம் கேட்டு மனதில் வைத்திருந்தான்.

"மொதல்ல ரயிலு. அப்புறம் டிவி கடை. கண்ணாடிக்குள்ள ஏழெட்டு டிவி ஒண்ணாப் பாடுமாம். அப்புறம் பார்க்கு. அப்புறம் பெரிய பெரிய வீடுக. ஒத்தப் பைசா செலவில்ல" என்று காலையிலேயே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ரயிலடிக்குள் போக பிளாட்பாரம் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதை அந்த நாலு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. செம்மலை அசரவில்லை. "உள்ள போயிப் பாத்தா கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. கேட்டுல நின்னு பாத்தாத்தான் முழுசாத் தெரியும்" என்று ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப் போனான். கேட் திறந்தே கிடந்தது. வெயிலில் நின்று கால் கடுத்தபின் ஒருவழியாகக் கேட்டைச் சாத்தினார்கள். ஒரு கூட்ஸ் வண்டி அசைந்து அசைந்து போயிற்று. விக்கி குதித்துக் குதித்துக் கையாட்டினான். கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு பச்சைக் கொடியையே அவனுக்கு ஆட்டிக் காட்டினார். விக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படி?" என்று செம்மலை மகளைப் பார்த்தான்.

"அவரு தம்பிக்குத்தான் ஆட்டுனாரு" என்றாள் அகல்யா.

டிவி கடை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், செம்மலையைத் தவிர. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே டிவிகள் எந்தெந்த இடத்தில் இருக்கும் என்று கையைக் காட்டி விளக்கினான். பார்க்கில் மத்தியானம் யாரையும் விடமாட்டார்களாம், நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். கம்பிக்கு வெளியே நின்று சறுக்குமரத்தைப் பார்த்தார்கள். சோலையம்மாளுக்குப் புருசன்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடனே என்று ஊர் சுற்றிக் காட்டுகிற ஆளாக இருந்தால் திட்டியிருப்பாள். இவன் பிள்ளைகளைவிட ஆசையாக அல்லவா வந்திருக்கிறான்!

"சிங்கம்புணரிக்குக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கும்மா?" என்று அகல்யா மெல்லக் கேட்டாள். சோலையம்மாள் காதில் விழாதமாதிரி நடந்தாள்.

பெரிய வீடுகள் உள்ள தெருவுக்கு வந்தபோது உச்சி வெயில். இந்தத் தெருவில் தொடங்கிய வீடு அடுத்த தெருவில் போய் முடிந்தது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் வாசலில் பெரிய கோலம் போட்டு, கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு யானையை உள்ளே விட்டுச் சாத்தலாம், அப்படிப்பட்ட கதவு. அதில் செதுக்கியிருந்த கிளிகளை விக்கி எண்ணத் தொடங்கினான். எட்டுக்கு மேல் அவனுக்கு எண்ணத் தெரியாது, அதனால் மறுபடி ஒன்றிலிருந்து வந்தான்.

அப்போது உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வேகமாக வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கனத்த சங்கிலி, முகம் நிறையச் சிரிப்பு. கையைக் கூப்பி, "வாங்க, வாங்க" என்று செம்மலையிடம் சொன்னார். பிறகு சோலையம்மாளைப் பார்த்துத் தனியாக ஒரு "வாங்க." அகல்யாவுக்கு ஒன்று, விக்கிக்கு ஒன்று. பின்னாலேயே அகல்யா வயதில் ஒரு பெண் ஓடிவந்து, அவளும் நாலு பேருக்கும் நாலு "வாங்க" சொன்னாள். அந்தப் பக்கத்து ஆச்சிமார் வீடுகளில் அது சட்டம். வந்தவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வாங்க என்று சொல்ல வேண்டும். சொல்ல மறந்துவிட்டால் உறவே முறிந்துபோகும். வந்தவரை "நீங்க யாரு?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பதோ அதைவிடப் பெரிய குற்றம்.

சோலையம்மாள் புருசனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "ஏங்க, நம்மள எதுக்கு வாங்கங்குறாக?"

"வீடு பாக்க வாரவகள வாங்கன்னுதான் சொல்வாகளாம், ஆபீசுல சொன்னாக. வெள்ளக்காரன்லாம் வந்து பாத்துட்டுப் போறானாம். வாங்கன்னு சொன்னவகள நிக்க வச்சிட்டுத் திரும்புனா அசிங்கமில்லையா?" என்று செம்மலை செருப்பைக் கழற்றினான்.

உள்ளே தரை கண்ணாடியாகப் பளபளத்தது. விக்கி குனிந்து தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். தேனம்மை ஆச்சி, அதுதான் அந்த அம்மாளின் பெயர், நீர்மோர் கொடுத்தார். "வெயில்ல வந்திருக்கீக. வழியில செரமம் இல்லையே?" என்றார்.

"கேட்டுல ரயிலுக்கு நின்னோம், அதான் நேரமாயிருச்சு" என்றான் செம்மலை.

"அதனால என்ன, இப்பத்தான் சமையல் முடிஞ்சுச்சு" என்றார் ஆச்சி. செம்மலைக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனாலும் பட்டணத்து வழக்கம் நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டான்.

ஆச்சியின் மகள் சீதை, அகல்யாவின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அகல்யா ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி இரண்டு ஜோடிக் கால்களும் மரப்படியில் தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சிரிப்பு. ஒரு மாதமாகச் சோலையம்மாள் கேட்காத சிரிப்பு அது. அதைக் கேட்டதும் எழுந்து போய்விடலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இலை போட்டார்கள். கோழிக் குழம்பு, உப்புக்கறி, அரிசி களைந்த தண்ணீரில் காய் போட்டு வைத்த மண்டி, கறுப்புக் கவுனி அரிசிப் பாயசம். ரசம் வேறு தனியாக மணத்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அகல்யா அரக்கப்பரக்க நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சீதையோடு மறுபடி மாடிக்கு ஓடிவிட்டாள். விக்கி ஓடவில்லை. அவன் இரண்டாவது கோழிக்காலை எலும்பு தெரிய முடித்துவிட்டு, "இங்க தெனமும் வீடு பாக்க விடுவாகளாப்பா?" என்று கேட்டான். நல்லவேளையாக அப்போது ஆச்சி அடுப்படியில் இருந்தார்.

சோலையம்மாள் சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தாள். என்னவோ தப்பு நடக்கிறது. வீடு பார்க்க வந்தவனுக்கு எவர் கோழி அடித்துப் போடுவார்? "ஆச்சி, நாங்க வந்து..." என்று இரண்டுமுறை ஆரம்பித்தாள். "பேச்செல்லாம் அப்புறம், மொதல்ல சாப்பிடுங்க" என்று ஆச்சி இரண்டுமுறையும் கறியை வைத்து அமுக்கிவிட்டார். இப்போது உண்மை வெளிப்பட்டால் என்ன ஆகும்? அடுத்தவர் வீட்டில் புகுந்து தின்ற குடும்பம் என்று ஆகிவிடும். அதை அகல்யா பார்ப்பாள். அவ்வளவுதான், இந்த ஊரில் அவள் இனி ஒரு ராத்திரி தங்கமாட்டாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மாடியிலிருந்து பிள்ளைகள் இருவரும் ஓடினார்கள். அகல்யாதான் முன்னால். வாசலில் ஒரு தடித்த மனிதர், அவர் சம்சாரம், இரண்டு பையன்கள்.

"வாங்க, வாங்க" என்றாள் அகல்யா, கையைக் கூப்பிக்கொண்டு. ஒருவர் விடாமல் நாலு பேருக்கும் சொன்னாள். "உள்ள வாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

கையில் கரண்டியோடு வந்த தேனம்மை ஆச்சி அப்படியே நின்றுவிட்டார்.

"நான்தாம்மா முத்துராமலிங்கம். அண்ணன் மெட்ராஸ்லருந்து போன்ல சொல்லியிருப்பாரே, ஞாயித்துக்கெழம மத்தியானம் குடும்பத்தோட வாரோம்னு. வழியில டயர் பஞ்சராகிப்போச்சு" என்றார் வந்தவர்.

ஆச்சி அவரைப் பார்த்தார். செம்மலையைப் பார்த்தார். மெட்ராசிலிருந்து புருசன் போனில் சொன்ன கணக்கு ஒன்றுதான், ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். ஒருவர் முகத்தையும் அவர் முன்பின் பார்த்ததில்லை. செம்மலையின் கையிலிருந்த கோழித்துண்டு மெல்ல இலைக்கே திரும்பிற்று.

சோலையம்மாள் எச்சில் கையோடு எழுந்தாள். அவள்தான் பேசினாள். "ஆச்சி, நாங்க இந்த ஊருக்குப் புதுசு. பிள்ளைகளுக்கு ஊரக் காட்ட வந்தோம். ஒங்க கதவப் பாத்துக்கிட்டு நின்னோம். வாங்கன்னு சொன்னீக. தட்ட முடியல, வந்துட்டோம். தப்புத்தான். மன்னிச்சிருங்க."

அகல்யா அம்மாவைப் பார்த்தாள், ஆச்சியைப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

தேனம்மை ஆச்சிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு கரண்டியைத் தூணில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் யாருன்னு கேக்கல, நீங்க யாருன்னு சொல்லல! இவுக சாப்பாட்ட நீங்க சாப்பிட, இவுகள ஒங்க மக வாங்கன்னு கூப்பிட... இந்தாங்க, எலையில பாதியில எந்திரிக்கப்படாது. உக்காருங்க. என் வீட்டுக்கு வந்தவக அரை வயித்தோட போனாகன்னு எனக்குப் பேரு வரணுமா?" பிறகு உள்பக்கம் திரும்பி, "சீதை, அந்த முட்டைய எடுத்து வை. எட்டுப் பேருக்கு இன்னும் என்னத்தச் செய்றது!" என்றார்.

முத்துராமலிங்கமும் நல்ல மனிதர். விக்கியின் இலையைப் பார்த்து, "நம்ம பங்குல எத்தனை துண்டு போச்சு தம்பி?" என்று கேட்டார். விக்கி நேர்மையாக விரலை மடக்கி எண்ணிக் காட்டினான். அவனுக்கு எட்டுவரை போதுமானதாக இருந்தது. அவர் சம்சாரம் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் முட்டையை உடைத்தார். சோலையம்மாள் கையைக் கழுவிவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். இந்த ஊரில் அவள் இன்னொருத்தியோடு சேர்ந்து நறுக்கிய முதல் வெங்காயம் அது. கண் கலங்கியதற்கு வெங்காயத்தைச் சொல்லிக்கொள்ளவும் வசதியாகப் போயிற்று.

வெயில் தாழ்ந்தபின் கிளம்பினார்கள். செம்மலை தெரு முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். காசு செலவில்லாமல் ரயிலும் பார்த்து, அரண்மனை போன்ற வீட்டில் கோழியும் தின்ற குடும்பம் இந்த ஊரிலேயே வேறு கிடையாதாம். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் முக்கு வந்தது. வாக்கு வாக்குதான். பிள்ளையை ஏமாற்றி வைத்துக்கொள்ளச் சோலையம்மாளுக்கு மனசு வரவில்லை. நின்றாள்.

"அகல்யா, ஊரப் பாத்தாச்சு. சொல்லு. சிங்கம்புணரி பஸ்ஸு இருக்கு. துணிமணிய அப்பா நாளைக்குக் கொண்டாந்து குடுத்துருவாரு."

செம்மலை பேச்சை நிறுத்திவிட்டான். இப்படியொரு வாக்கு இருக்கிறது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரியும்.

அகல்யா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மா என்னவோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்டமாதிரி முகத்தைச் சுளித்தாள்.

"எப்படிம்மா போறது? மாடியில தாயம் பாதியில நிக்கிது. எனக்கு ஒரு காய்கூட இன்னும் பழுக்கல, சீதைக்கு ரெண்டு பழுத்துருச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் காய ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு சொல்லி, மேல கூடைய கவுத்து வச்சிருக்கோம். நான் போயிட்டா, அவ செயிச்சதா ஆயிராதா?"

சோலையம்மாள் நடுத்தெருவில் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "விடும்மா, எல்லாரும் பாக்குறாக" என்று நெளிந்தாள் அகல்யா.