மிச்சம் பிடித்த காற்று

எங்கள் ரோபோவுக்கு எட்டுச் சக்கரம். குட்டி உருளைகள் பதித்த நான்கு சக்கரங்களில் அது பக்கவாட்டிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எவன் தள்ளினாலும் நகர்ந்துவிடும். அதற்காகத்தான் மற்ற நான்கு ரப்பர் சக்கரங்கள். பட்டனை அமுக்கினால் காற்று அவற்றைக் கீழே இறக்கும், வண்டி தரையைக் கவ்விக்கொள்ளும். வடிவமைத்தவள் நான், ஜெனிபர். கல்லூரியில் கடைசி வருடம்.

ஔந்த் அரங்கில் ரோபோப் போட்டியின் அரையிறுதி. தோற்றால் எங்கள் பட்டறையைப் பூட்டிவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லிவிட்டார். அத்தோடு ரோபோ என்ற பேச்சே கிடையாது. ஆட்டத்துக்குச் சற்று முன்பு காற்றுத் தொட்டியில் 'உஸ்' என்று சத்தம்.

எங்கள் அணியின் ஷ்ரேயஸ் குழாய் இணைப்பில் டேப் சுற்றினான். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. "பஸ், இத்னாஹி ஹோகா" என்றான், இவ்வளவுதான் முடியும் என்று கையை விரித்து.

ஓட்டுபவன் ஆஸ்டின், ஜூனியர். கேம்ப் பகுதியில் எங்கள் சந்துக்காரன். அவனிடம் சொன்னேன்:

"அமுக்குற ஒவ்வொரு தடவையும் காத்து செலவாகும்டா. ஃபால்தூவா, தேவையில்லாம அமுக்காத. கடைசில நடுக்கட்டத்துல நிக்கணும்ல, அதுக்கு மிச்சம் வை."

"சரிக்கா. வீட்டுல தண்ணி புடிச்சு வெக்கிற மாதிரி."

எங்கள் சந்தில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அண்டாவில் பிடித்துவைத்துச் சிக்கனமாகப் புழங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். வேறு எப்படி யோசிக்கத் தெரியும்?

எதிரணி வண்டி மூர்க்கமாக இடித்தது. ஆஸ்டின் அமுக்கவில்லை, வழுக்கி வழுக்கியே தப்பினான். இடம் விட்டு நகர்ந்த ஒவ்வொரு தடவையும் எதிரணிக்குப் புள்ளி; எங்கள் முன்னிலை கரைந்து சமமானது. நானோ "ஷாபாஷ்டா!" என்று கத்திக்கொண்டிருந்தேன், மடச்சி.

இனி விசில் ஊதும்போது நடுக்கட்டத்தில் நிற்பவருக்கே வெற்றி. ஆஸ்டின் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். எதிரணி முழு வேகத்தில் முட்டியது.

"இப்ப அமுக்குடா!"

ரப்பர் சக்கரங்கள் பாதி இறங்கின, நடுங்கின, மேலே ஏறிவிட்டன.

"அமுக்கு! அமுக்குடா!"

"அமுக்கிட்டுதான்க்கா இருக்கேன்!"

எங்கள் வண்டி கோட்டைத் தாண்டி வெளியே போனது. விசில் ஊதினார்கள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். காற்றழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அண்டாத் தண்ணீர் வைத்த இடத்தில் இருக்கும். ஒழுகும் தொட்டியில் காற்று எனக்காகக் காத்திருக்குமா? முதல் இடியிலேயே அமுக்கச் சொல்லியிருந்தால் முன்னிலையாவது நிலைத்திருக்கும். என் வாயை நானே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஆஸ்டினின் கட்டைவிரல் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஒரு தடவகூட வேஸ்ட் பண்ணலக்கா," என்றான். "நீங்க சொன்ன மாதிரியே."