சாவியின் சக்தி

துரோகம் எப்போதும் விடியற்காலையில்தான் முகம் காட்டும். பேரரசுகள் சரிந்ததும் அந்த நேரத்தில்தான், பெரிய மனிதர்கள் வீழ்ந்ததும் அந்த நேரத்தில்தான். இதை ராமசுப்பு அண்ணாச்சி, எண்ணெய் வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில், மூன்று பொதுக்குழுக்களில் முழங்கியிருக்கிறார். மார்கழி எட்டாம் தேதி காலை ஐந்தேகாலுக்கு அது அவருக்கே நேர்ந்தது. கார் கிளம்பவில்லை.

குளிர் என்றால் சென்னைக் குளிர்தான். ஆனாலும் அண்ணாச்சி குரங்குக் குல்லாயும் மப்ளரும் போர்த்தி, திருவொற்றியூர்க் கோயிலுக்குப் புறப்பட்ட கோலத்தில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மார்கழி முப்பது நாளும் கோபுர வாசலில் நின்று எடுத்த படம் ஆறு மணிக்குள் சங்கத்து வாட்ஸ்அப்பில் ஏற வேண்டும். டிரைவர் டென்னிஸ் பட்டனை அமுக்கினான். திரையில் ஒரு சாவியின் படம் வந்து, அதன் மேல் குறுக்குக் கோடு விழுந்தது. சாவி வண்டிக்குள் இல்லை என்று அர்த்தம். சாவியோ டென்னிஸின் கையிலேயே இருந்தது.

"குளுரு அண்ணாச்சி. சாவி வெறச்சிகினு கீது."

அவன் சாவியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தான். வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினான். பிறகு சாவியின் மூக்கைப் பட்டன்மேல் ஒட்டவைத்து அழுத்தினான். வண்டி உறுமியது.

மறுநாள் காலை அதே சாவியை வைத்துக்கொண்டு அண்ணாச்சியே பட்டனை அமுக்கிப் பார்த்தார், வண்டி மசியவில்லை. மத்தியானம் வெயிலில் ஒழுங்காகக் கிளம்புகிறது. விடிகாலையில் மட்டும், அதுவும் இவன் ஊதினால் மட்டும் கிளம்புகிறது என்றால் என்ன அர்த்தம்? இரண்டு நாள் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். டென்னிஸ் கள்ளச்சாவி போட்டிருக்கிறான். கள்ளச்சாவி போட்டால் அசலில் இருக்கிற சக்தி பாதி அதற்குப் போய்விடும். இவர் தூங்கும்போது வண்டி காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சவாரி போகிறது. சவாரிக்குப் போன சாவி விடிகாலையில் களைத்துத்தானே இருக்கும்?

மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைத் தினமும் இரவும் காலையும் குறித்து வைத்தார். ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. இவ்வளவு சுத்தமாகத் தப்புச் செய்கிறவன் சாமானியனா? தையில் டென்னிஸ் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'வரவேற்புக்குத் தலைமை: ராமசுப்பு' என்று மாப்பிள்ளை பேரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அன்றைக்குக் குளிர்ந்த மனசு இப்போது அந்த எழுத்தின் அளவையே சந்தேகித்தது. எட்டு வருஷமாகக் கூடவே இருப்பவனைப் பொங்கலுக்குள் வேலையைவிட்டு அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. கையில் ஒரு சாட்சிதான் பாக்கி.

சாட்சி ராயபுரத்தில், மெக்கானிக் சௌக்கத் அலியின் பட்டறையில் கிடைத்தது. டென்னிஸை டீ வாங்க அனுப்பிவிட்டு, அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"பாய், இதுக்கு இன்னொரு சாவி போட்டிருக்கானான்னு பாத்துச் சொல்லும். சக்தி கொறஞ்சிருக்கு."

சௌக்கத் அலி அவரை ஒரு மாதிரி பார்த்தார். "சாவிக்கு இன்னா அண்ணாச்சி சக்தி? உள்ள பட்டன் பேட்டரி கீது, அவ்ளோதான்." ஸ்குரூடிரைவர் நுனியால் சாவியைப் பிளந்து, உள்ளிருந்த வட்டத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "அட, இன்னாது இது? பொம்மைல போடற பேட்டரி. சாவப்போற கேஸு. வெயில்ல இழுத்துக்கும், காலைல கொஞ்சம் சில்லுனு ஆச்சின்னா பட்த்துக்கும். சாவிய பட்டன்கிட்ட வச்சி அமுக்குனா பேட்டரி இல்லாமயே வண்டி எடுக்கும், டென்னிஸு அத்தான் பண்ணிகீறான். ஆனா இது நான் போட்டது இல்ல. ஆயுத பூஜைக்கி புதுசு போட்டேன். நான் போட்டா செவப்பு மார்க்கர்ல ஒரு புள்ளி வப்பேன். யாரோ மாத்திகீறாங்க."

அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். டீயோடு வந்த டென்னிஸிடம் அந்தத் தகட்டை நீட்டினார்.

"நல்ல பேட்டரிய எங்கல வித்த?"

டென்னிஸ் தகட்டைப் பார்த்தான், சௌக்கத் அலியைப் பார்த்தான். டீ கிளாஸை பானெட்மேல் வைத்தான்.

"இன்னா அண்ணாச்சி, பேஜார் பண்ற? திருடணும்னா உன் காரயே தூக்கிகினு போயிருக்க மாட்டேன்? இத்துனூண்டு பில்லைய வச்சி நான் இன்னா என் பொண்ணுக்கு நகை பண்ணப்போறேன்?"

"நாளைலருந்து வராத. சாயங்காலம் கடைக்கு வந்து கணக்க முடிச்சுக்க."

"பத்திரிகல உன் பேரு கீதே."

"அழிச்சிரு."

டென்னிஸ் திரும்பி நடந்தான். புதுப் பேட்டரி போட்டதும் பட்டன் தொட்டவுடன் வண்டி கிளம்பியது. ஆனால் ஓட்ட ஆளில்லை. நாற்பது வருஷமாக லாரி ஓட்டி முன்னுக்கு வந்ததாக மேடையில் சொல்லும் அண்ணாச்சி, ஷேர் ஆட்டோவில் இரண்டு மீன்கூடைகளுக்கு நடுவே தண்டையார்பேட்டைக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பில் போடும் மகிமா எழுந்து, கல்லா மேஜையில் முருகன் படத்துக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் அகலைத் தட்டி எரியவிட்டாள். பேட்டரி விளக்கு. தீப எண்ணெய் மொத்த வியாபாரி கடையில் பேட்டரி விளக்கா என்று யாரும் கேட்டதில்லை, எண்ணெய் விற்கிற விலை அண்ணாச்சிக்குத் தெரியும். பகலில் டென்னிஸ் சாவியை வைக்கும் இடமும் அதன் பக்கத்தில்தான்.

"பரவால்லயே அண்ணாச்சி," என்றாள் மகிமா. "கார்த்திகைக்கி மொத நாள் மினுக்கு மினுக்குன்னு சாவக் கெடந்துச்சு. நீங்க என்ன பண்ணினீங்களோ, அப்புறம் அணையவே இல்ல."

அண்ணாச்சிக்குக் கார்த்திகை ஞாபகம் வந்தது. சங்கத்து நிர்வாகிகள் படியேறும் சத்தம், போட்டோ எடுக்க வந்தவன், மங்கிக்கொண்டிருந்த விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த சாவி. பிறகு 'மரபின் ஒளி அணையாது' என்ற தலைப்பில் அரைமணி நேரப் பேச்சு.

"டென்னிஸண்ணன் வாசல்ல நிக்காரு. உள்ள வரச் சொல்லட்டா?"

அவர் விளக்கைக் கவிழ்த்து, அடிமூடியை நகத்தால் நெம்பினார். வெளிச்சம் அணைந்தது. பேட்டரியில் சிவப்புப் புள்ளி இருந்தது.